படலையில் நின்று கேட்டவருக்கு

உம்முடைய சைக்கிளை இப்போது பாண்காரன் ஓட்டுகிறான். இது உமக்குத் தெரியவேண்டும் என்று தோன்றியது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

இன்று காலை அடுப்பில் குடிதண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. நான் பக்கத்தில் நின்று மூடியைத் திறந்து பார்ப்பதும் திரும்ப மூடுவதுமாக இருந்தேன். அப்போது வெளிவாசல் படலையில் அந்தச் சைக்கிள் மணி அடித்தது. அதை மணி என்று சொல்வது அதற்குச் செய்கிற மரியாதை. துருவேறி, கிணுகிணுக்காமல், யாரோ அகப்பையால் சட்டியைத் தட்டுவது போல ஒரு சத்தம். என் கை தன்பாட்டில் இன்னொரு தேத்தண்ணிப் பேணியை எடுத்துக் கழுவிவிட்டது. கழுவி முடித்த பிறகுதான் நீர் வரமாட்டீர் என்பது நினைவுக்கு வந்தது.

வெளியே போய்ப் பார்த்தேன். பின்சில்லுக்கு மேலே, பேக்கரியில் சுட்ட பாண் அடுக்கிய பெட்டி கட்டியிருந்தது.

"இது நொத்தாரிசு ஐயாவின்ரை சைக்கிள் எல்லே?" என்று கேட்டேன்.

"ஓம் ஐயா. அவற்றை வீட்டு அம்மாதான் தந்தவ. சும்மா நிண்டு பழுதாப் போகுது, நீ ஓடு எண்டு சொன்னவ."

"உந்த மணியை மாத்தன்."

"மாத்தக்கூடாதாம். அதையும் அம்மா சொன்னவ."

வீட்டுக்குள் பிட்டு அவிந்துகொண்டிருக்கும்போது நான் ஒரு றாத்தல் பாண் வாங்கிக்கொண்டு போனேன். என் வீட்டுக்காரி பாணைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாமல் இருப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று உமக்குத் தெரியும்.

நாங்கள் இரண்டு பேரும் மிசன் பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்குப் பலகையில் இருந்து படித்தவர்கள். பிறகு நீர் சாவகச்சேரியில் நொத்தாரிசாகிக் காணி உறுதி எழுதினீர். நான் மலாயாவுக்குக் கப்பலேறி, ஒரு தோட்டத்து ஆசுப்பத்திரியில் டிரெஸ்ஸராகப் புண்ணுக்கு மருந்து கட்டினேன். உறுதி எழுதுவது தொழில், கதை எழுதுவது வியாதி என்று உம்மைப் பற்றி நீரே சொல்லுவீர். உறுதி எழுதினால் ஆட்கள் கோழி கொண்டுவந்து தந்தார்கள். கதை எழுதினால் பத்திரிகைக்காரன் ஒரு பிரதி இலவசமாக அனுப்பினான்.

உலகச் சண்டை முடிந்து, அதற்குப் போன ஆட்கள் ஒவ்வொருவராக ஊர் திரும்பினோம். அப்போது உமக்கு ஒரு பதற்றம் பிடித்தது. எனக்குத்தான் எந்நேரமும் பதற்றம் என்று ஊரார் நினைக்கிறார்கள். உம்முடைய பதற்றம் வேறு மாதிரி.

"இவங்கள் எல்லாரும் வாயைத் திறவாமலே செத்துப்போடுவாங்கள் காணும்," என்றீர். "பேந்து ஆர் எழுதுறது? வெள்ளைக்காரன் எழுதுவான். அவன்ரை கதையிலை எங்கடை ஆக்கள் சாமான் தூக்கிக்கொண்டு பின்னாலை வருவினம்."

அதற்காக நீர் செய்த முதல் வேலை எவ்வளவு பிழையானது என்பதை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. வாசிகசாலையில் கூட்டம் வைத்தீர். போருக்குப் போய்வந்தவர்கள் ஒரு பக்க வாங்கில், கதை எழுதுகிறவர்கள் எதிர்ப்பக்க வாங்கில். அவர்கள் கையில் பேனை, எங்கள் கையில் வடை. மரண விசாரணைக்குச் சாட்சி சொல்ல வந்தவர்கள் போல நாங்கள் இருந்தோம். எகிப்தில் பட்டாளத்துக்குச் சமைத்துவிட்டு வந்த அரியாலைக்காரர் ஒருவர். கப்பல் தாண்டு மூழ்கி, கடலில் கிடந்து தப்பி வந்த வல்வெட்டித்துறைக்காரர் ஒருவர். அவர்களோடு நான்.

கண்ணாடி போட்ட இளம் எழுத்தாளர் ஒருவர் எழும்பி, "ஐயா, யுத்தகளத்தில் உங்கள் மனநிலை எவ்வாறு இருந்தது?" என்று புத்தகத் தமிழில் கேட்டார்.

அரியாலைக்காரர் கையில் இருந்த வடையைக் கீழே வைத்தார். "பருப்பு வேகாது தம்பி," என்றார். "அந்தத் தண்ணியிலை பருப்பு வேகவே வேகாது."

யாரோ சிரித்துவிட்டார்கள். அவர் வாயை மூடிக்கொண்டார். வல்வெட்டித்துறைக்காரர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கேட்டபோது, நான் வெறும் டிரெஸ்ஸர், எனக்குச் சண்டையைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று சொன்னேன். அதைச் சொல்லும்போது என் முழங்கால் மேசையைத் தட்டித் தேத்தண்ணி ஊற்றுண்டது. வெங்காய விலையைப் பற்றிக் கொஞ்சம் கதைத்துவிட்டுக் கூட்டத்தைக் கலைத்தோம்.

ஆனால் வெளியே புளியமரத்தடியில் சைக்கிள்கள் நின்ற இடத்தில் என்ன நடந்தது? அரியாலைக்காரர் வல்வெட்டித்துறைக்காரரின் சைக்கிள் கைபிடியைப் பிடித்துக்கொண்டு கதைக்கத் தொடங்கினார். போகிறேன் போகிறேன் என்று சொல்லிச் சொல்லி இரண்டு பேரும் விளக்கு வைக்கும் நேரம்வரை நின்றார்கள். காற்றுப் போகாத உம்முடைய சில்லுக்கு நீர் காற்று அடித்துக்கொண்டு, காதை அங்கே வைத்திருந்தீர். நான் பார்த்தேன்.

அடுத்த நாள் என்னிடம் வந்து சொன்னீர். "வாங்கு போட்டதுதான் பிழை காணும். வாங்கிலை இருத்தினால் சாட்சிக்காரன். படலையிலை நிண்டால் மனிசன்."

அதற்குப் பிறகுதான் உம்முடைய படலை வித்தை தொடங்கியது. ஒரு வீட்டுக்குப் போனால் உள்ளே இருந்து ஊர்ப் புதினம் மட்டும் கதைப்பீர். தருகிற தண்ணீரைக் குடிப்பீர். பேனையை வெளியே எடுக்கமாட்டீர். பிறகு எழும்பி, "சரி, போட்டு வாறன்," என்று விடைபெற்றுப் படலைவரை வருவீர். ஒரு காலை மிதியில் வைப்பீர். ஆனால் போகமாட்டீர். கிழவி இருமுகிறாவோ என்பீர், மாடு கறக்கிறதோ என்பீர். இரண்டாவது முறை "போட்டு வாறன்" என்பீர். அந்த இரண்டாவது போட்டு வாறனுக்கும் மூன்றாவதுக்கும் இடையில்தான் ஆட்கள் மனத்தைத் திறந்தார்கள். விருந்தாளி போகப்போகிறார், இனி ஒன்றும் கேட்கமாட்டார் என்ற ஆறுதலில் அவர்களுக்கு வாய் வந்தது.

எனக்கு உம்முடைய வித்தை தெரியும். அதனால் மணிச் சத்தம் கேட்டால் பின்வளவில் வாழைக்குள் போய் நிற்பேன்.

"இஞ்சாருங்கோ, உங்கடை கூட்டாளி வாறார். ஓடுங்கோ," என்பாள் வீட்டுக்காரி. பிறகு உம்மிடம், "அவர் வாழைக்குள்ளை யப்பான்காரனைத் தேடுறார், இருங்கோ வருவார்," என்று சொல்லிவிடுவாள். உங்கள் இரண்டு பேருக்கும் என்னை வைத்து ஒரே சிரிப்பு.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்குப் பயம். நீர் கேட்டுவிடுவீர் என்ற பயம், கேட்டால் சொல்லிவிடுவேன் என்ற பயம், சொன்னால் அது மீசாலைக்குப் போய்ச் சேரும் என்ற பயம்.

மீசாலையில் பாக்கியம் இருந்தா. கந்தையாவின் பெண்சாதி. கந்தையா மலாயாவில் ரயில் ஸ்டேசன் கிளாக்கர். சண்டை வந்தபோது நாங்கள் இரண்டு பேரும் தொண்டர் படையில் சேர்ந்து ஒரே பட்டாளக் காம்பில் காக்கி போட்டோம். சிங்கப்பூர் விழுந்ததும் காக்கியைக் கழற்றிப் புதைத்துவிட்டு ஓடி ஒளிந்தோம். அப்படியும் யப்பான்காரன் பிடித்துச் சீயம் தேசத்துக் காட்டுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோனான். அங்கே வாந்திபேதி வந்தது. கந்தையா அதில் போனான். அவன் செத்ததைக் கண்ட ஆட்களில் உயிரோடு ஊர் வந்தவன் நான் ஒருவன்தான்.

ஊருக்கு வந்த கையோடு மீசாலைக்குப் போனேன். போகும்போது உண்மையைச் சொல்லும் எண்ணம்தான். படலையைத் திறந்தால், கந்தையாவின் தாய் ஓடிவந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "என்ரை பிள்ளை எந்தக் கப்பலிலை வாறான்?" என்று கேட்டா. பின்னால் பாக்கியம் குங்குமப் பொட்டோடு நின்றா. வாயில் வந்தது பொய். எங்களை வேறு வேறு காம்புக்குப் பிரித்துவிட்டார்கள், அவன் இருக்கிற இடம் எனக்குத் தெரியாது, கப்பல்கள் இன்னும் வந்துகொண்டிருக்கின்றன என்று சொன்னேன். சிரித்த முகமாகத்தான் சொன்னேன். அந்தச் சிரிப்பை வைத்திருக்க எவ்வளவு பாடுபட்டேன் என்று எனக்குத்தான் தெரியும். தந்த தண்ணீரைக் குடிக்காமல் எழும்பிக் குடையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போகவில்லை. சாவகச்சேரிச் சந்தையில் குங்குமம் வைத்த எந்தப் பெண்ணைக் கண்டாலும் மற்றப் பக்கம் திரும்பி நடப்பேன். அந்தப் பொட்டு என் வாயில் தொங்குகிறது என்று நினைப்பேன். நான் வாயைத் திறந்தால் அது அழியும். திறக்காவிட்டால், செத்துப்போன மனிசனுக்காகப் பாக்கியம் ஆயுள் முழுக்கக் காத்திருப்பா. எதைச் செய்தாலும் பிழை. எதையும் செய்யாமல் இருப்பது அதைவிடப் பிழை.

ஒரு கார்த்திகை மாதம், பின்னேரம், மழை தூறிக்கொண்டிருந்தது. வாழைக்குள் நிற்கமுடியாத மழை என்பதால் அகப்பட்டுவிட்டேன். நீர் உள்ளே இருந்து பனங்கிழங்கு உரித்துத் தின்றுகொண்டு, யாரோ இரண்டு சகோதரர்களின் எல்லை வழக்கைப் பற்றிச் சொன்னீர். பிறகு படலைக்கு வந்தோம். இரண்டாவது போட்டு வாறனும் சொல்லியாயிற்று. மழையில் நனைந்துகொண்டு நின்றீர்.

"ஏன் காணும் நீர் எந்த நேரமும் தண்ணி கொதிக்க வைக்கிறீர்?" என்று கேட்டீர். சண்டையைப் பற்றிக் கேட்கவில்லை. தண்ணீரைப் பற்றித்தான் கேட்டீர்.

நான் சொல்லிவிட்டேன். வாந்திபேதியில் செத்தவர்களை எல்லாம் ஒரே குவியலாகப் போட்டு எரிக்கக் கட்டளை. செத்துவிட்டானா என்று தொட்டுப் பார்த்துச் சொல்வது என் வேலை. கந்தையாவையும் நான்தான் தொட்டுப் பார்த்தேன். அவனைத் தூக்க ஆட்கள் வந்தபோது என் தகரப் பேணியில் காலைச் சோறு இருந்தது. காவல்காரன் கத்திக்கொண்டு நின்றான். நான் ஒரு பிடி சோற்றை எடுத்துக் கந்தையாவின் வாயில் வைத்து, விரலால் உள்ளே தள்ளிவிட்டேன். அந்த நோயில் செத்தவனின் உதட்டில் விரல் படுவது என்னவென்று டிரெஸ்ஸருக்குத் தெரியாதா? தெரிந்துதான் செய்தேன். அன்றைக்குத் தொடங்கியது இந்தக் கை கழுவலும் தண்ணீர் கொதிக்க வைப்பதும்.

மழைத் தண்ணீர் உம்முடைய மூக்கு நுனியில் இருந்து சொட்டியது. சைக்கிளைத் திருப்பிக்கொண்டு, "போட்டு வாறன்," என்றீர். அது மூன்றாவது. உண்மையாகவே போய்விட்டீர்.

மார்கழியில் எழுதி முடித்துக்கொண்டு வந்து வாசித்துக் காட்டினீர். நான் கைவிரலைக் கடித்தபடி கேட்டேன். காடு இருந்தது, மழை இருந்தது, கந்தையா இருந்தான். பேரை மட்டும் மாற்றியிருந்தீர். ஆனால் சோறு இல்லை.

"சோறு எங்கை?" என்று கேட்டேன்.

"அது எனக்குச் சொன்னதில்லை காணும். அந்த மீசாலைப் பிள்ளைக்குச் சொல்ல வைச்சிருந்ததை நான் வழியிலை நிண்டு கேட்டிட்டன். அதைக் கடதாசியிலை போட எனக்கு உரித்தில்லை. நீர்தான் கொண்டுபோய்க் குடுக்கவேணும்."

"நான் போகமாட்டன்."

"தைப்பொங்கல் மலருக்குக் கேட்டிருக்கிறாங்கள். மீசாலைக்கும் பத்திரிகை போகும். பேரை மாத்தினால் போலை ஆக்களுக்குத் தெரியாதெண்டு நினைக்கிறீரே? அச்சிலை ஏறுறதுக்கு முதல் போம். இல்லாட்டில் ஒரு சொல்லுச் சொல்லும், நான் போய் மறிக்கிறன். ஆனால் என்னட்டைச் சொன்னதை அவவுக்கு ஒளிச்சுக்கொண்டு இருக்க என்னாலை ஏலாது."

உம்மில் வந்த கோபத்துக்கு அளவில்லை. படலையில் நின்று என் வாயைப் பிடுங்கிவிட்டு, இப்போது பெரிய நீதவான் போலக் கதைக்கிறீர் என்று ஏசினேன். நீர் சைக்கிளைத் துடைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டு நின்றீர். உம்மோடு சண்டை பிடிப்பதும் சுவரோடு சண்டை பிடிப்பதும் ஒன்று.

அந்த மார்கழியை நான் எப்படிக் கழித்தேன் என்று கேட்காதேயும். கோயிலில் திருவெம்பாவைச் சங்கு ஊதினாலும் தூக்கிவாரிப் போடும். இன்றைக்குப் போகலாம் என்று வெள்ளை வேட்டி கட்டுவேன். பஸ்ஸுக்கு நிற்பேன். பஸ் வந்தால் இடம் இல்லை என்று எனக்கு நானே சொல்லிவிட்டுத் திரும்புவேன். ஒருநாள் பஸ்ஸில் ஏறிப் பாதி வழி, கைதடிவரை போய், மழை வருகிறது என்று இறங்கிவிட்டேன். கடைசியில் வீட்டுக்காரிதான் குடையைக் கையில் தந்து, "இண்டைக்கும் திரும்பி வந்தியள் எண்டால் நான் போய்ச் சொல்லிப்போட்டு வருவன்," என்றாள். அவள் அதைச் சிரிக்காமல் சொன்னாள்.

மீசாலைப் படலை திறந்திருந்தது. பாக்கியம் முற்றத்தில் தேங்காய் மட்டை அடுக்கிக்கொண்டிருந்தா. நெற்றியில் பொட்டு. என்னைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு, "வாங்கோ அண்ணை," என்றா. கோப்பி கொண்டுவந்து தந்தா. கோப்பி என்றால் கொதித்த தண்ணீர்தானே, குடித்தேன். பஸ்ஸில் பாடம் பண்ணிக்கொண்டு வந்த முதல் வசனம் மறந்துபோயிற்று.

"மாமி ஆவணியிலை கண்ணை மூடிப்போட்டா," என்றா பாக்கியம். "உங்களுக்கு ஆள் அனுப்பேல்லை. குறை நினையாதேங்கோ."

"தெரியாது தங்கச்சி. தெரிஞ்சிருந்தால் வந்திருப்பன்."

"இனி நீங்கள் சொல்லலாம்."

"என்னத்தை?"

"அவர் எப்பிடிப் போனவர் எண்டதை."

பாக்கியம் வந்து என் கையில் இருந்த கோப்பிப் பேணியை வாங்கிக் கீழே வைத்தா.

"எனக்கு அண்டைக்கே தெரியும் அண்ணை. நீங்கள் சிரிச்சுச் சிரிச்சுத்தான் கதைச்சனீங்கள். கப்பல் வருகுது எண்டனீங்கள். மாமி நம்பிப்போட்டா, நானும் நம்பத்தான் பாத்தன். ஆனால் போகேக்கை நீங்கள் போட்டு வாறன் எண்டு சொல்லேல்லை. எழும்பினியள், குடையை எடுத்தியள், திரும்பிப் பாராமல் நடந்தியள். செத்தவீட்டாலை போறமாதிரிப் போனியள். படலை பூட்டின சத்தத்தோடை எனக்கு விளங்கிட்டுது."

நான் அதைச் சொல்லாமல் போனேன் என்பதே அந்த நிமிஷம்வரை எனக்குத் தெரியாது. எங்கள் ஆட்களில் எந்தக் குழந்தைக்கும் தெரிந்த வழக்கம் இது. செத்தவீட்டில் சொல்லக்கூடாது, மற்ற எந்த வீட்டிலும் சொல்லாமல் எழும்பக்கூடாது. அவ்வளவு பொய்யையும் ஒழுங்காகச் சொன்ன என் வாய் அந்த இடத்தில் மட்டும் வழக்கத்தை மீற மறுத்திருக்கிறது.

"அப்ப ஏன் பிள்ளை உந்தப் பொட்டு?"

"மாமிக்கு மகன் உயிரோடை எல்லே. நான் அழிச்சால் அவவுக்கும் அண்டைக்கே முடிஞ்சுபோம். அவ போன பிறகு நீங்கள் வருவியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தன். ஒருத்தர் வாயாலை கேளாமல் எப்பிடி அழிக்கிறது?"

நான் சொன்னேன். முழுவதையும் சொன்னேன். காடு, மழை, குவியல், எதையும் மறைக்கவில்லை. அவ திண்ணைக் குந்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கேட்டா. முடிவில் ஒரு கேள்விதான் கேட்டா.

"வாய்க்கரிசி?"

"போட்டனான். பச்சையரிசி இல்லை தங்கச்சி. என்ரை காலைச் சோறுதான் இருந்தது. அதைத்தான் போட்டனான்."

அப்போதுதான் அழுதா. அழுது முடித்து, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சோறோ," என்றா. "அப்ப வெறும் வயித்தோடை போகேல்லை."

பத்திரிகை விஷயத்தையும் சொன்னேன். கூட்டாளி ஒருவர் எழுதியிருக்கிறார், பேரை மாற்றித்தான் வருகிறது, வேண்டாமென்றால் மறித்துவிடலாம் என்றேன்.

"பேரை ஏன் மாத்திறியள்?" என்று கேட்டா. "அவருக்கு ஒரு கல்லுமில்லை, அள்ளிக் கரைக்கச் சாம்பலுமில்லை. பேராவது எங்கையேன் கிடக்கட்டும்."

படலைக்கு வந்து குடையை விரித்தேன். நின்றேன். "போட்டு வாறன் தங்கச்சி," என்றேன். "ஓம் அண்ணை, வாங்கோ," என்றா.

அங்கிருந்து நேரே, நீர் உறுதி எழுதுகிற சாவகச்சேரிக் கந்தோருக்கு ஓடிவந்தேன். இரண்டு பேர் உறுதிக்குக் கைநாட்டு வைக்கப் பெருவிரலில் மை பூசிக்கொண்டு நின்றார்கள். நீர் என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர்களை அப்படியே நிற்கவைத்துவிட்டு எழும்பி வந்தீர். "பேரை மாத்த வேண்டாமாம்," என்று மட்டும் சொன்னேன். அவ்வளவுதான். அந்த மழையில், நாவற்குழிப் பாலத்துக் காற்றில், யாழ்ப்பாணத்து அச்சுக்கூடம்வரை சைக்கிளில் போய், கோத்து வைத்த எழுத்தைக் கழற்றுவித்துக் கந்தையாவின் பேரை வைத்துவிட்டு வந்தீர். வந்து மூக்கடைத்துத் தடிமனோடு படுத்தீர். மாசியில் பாக்கியம் கீரிமலையில் தருப்பையால் உருச்செய்து கந்தையாவுக்குச் செய்யவேண்டியதைச் செய்வித்தா. நீரும் நானும் போய் நின்றோம்.

மலர் வந்த பிறகு ஆட்கள் உம்மைத் தேடி வந்தார்கள். அரியாலைக்காரர் தன் பருப்புக் கதையைச் சொன்னார். அந்தப் பருப்பு வேகாத இடத்தில்தான் அவருடைய கூட்டாளிகள் குண்டில் செத்தார்கள் என்று அப்போதுதான் எங்களுக்குத் தெரியவந்தது. வல்வெட்டித்துறைக்காரர் மட்டும் மசியவில்லை. நீர் எத்தனையோ தரம் போனீர். அவருடைய படலையில் நின்று கால் வலித்ததுதான் மிச்சம்.

நீர் போகிற வீட்டில் எல்லாம் கிணற்றுத் தண்ணீர் குடித்தீர். கொதித்த தண்ணீர் கேளும், இல்லாவிட்டால் இளநீர் கேளும் என்று தலைப்பாடாய் அடித்துக்கொண்டேன். போத்தலில் ஆறவைத்துத் தந்தும் பார்த்தேன். "ஒருத்தன்ரை கிணத்துத் தண்ணியை நம்பாட்டில் அவன் என்னை எப்பிடிக் காணும் நம்புவான்?" என்று சொல்லிவிட்டு அந்தப் போத்தலை வழியில் நின்ற ஆட்டுக்குட்டிக்கு ஊற்றினீர். அதையும் வந்து எனக்கே சொன்னீர்.

உமக்கு டைபொயிட், நெருப்புக் காய்ச்சல் என்று டாக்குத்தர் சொன்ன அன்று எனக்கு உம்மில் ஆத்திரம்தான் வந்தது. துக்கம் பிறகுதான் வந்தது. உம்முடைய கட்டிலடியில் இருந்து நெற்றிக்கு ஈரத்துணி போட்டேன். ஒவ்வொரு துணியையும் கொதிக்க வைத்தேன். காட்டிலே முடியாதுபோனதை இங்கே, எல்லா மருந்தும் தண்ணீரும் இருக்கிற இடத்தில், செய்துவிடலாம் என்று நினைத்தேன். முடியவில்லை. எந்த வீட்டுக் கிணறு என்று எனக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பது நல்லது.

கடைசியாகத் தெளிவோடு கதைத்த நாளில், "வல்வெட்டித்துறையார் இன்னும் சொல்லேல்லை," என்றீர். காய்ச்சலில் கிடக்கிற மனிசனுக்கு அதுதான் கவலை.

உம்முடைய செத்தவீட்டில் நான் ஒரு காரியம் செய்தேன். உமக்கு வாய்க்கரிசி போட்டுவிட்டு, ஒழுங்காக, தலையைக் குனிந்துகொண்டு வெளியே நடந்தேன். படலைக்கு வந்ததும் கால் நின்றுவிட்டது. திரும்பி, எல்லாருக்கும் கேட்க, "போட்டு வாறன்," என்று சொல்லிவிட்டேன். பறை அடித்தவர்கள்கூடக் கையை நிறுத்தினார்கள். ஒரு பெரியவர், "உவனுக்கென்ன விசரே?" என்று என் தோளைப் பிடித்துத் தள்ள வந்தார். அப்போது உம்முடைய மனிசி உள்ளே இருந்து தலையை நிமிர்த்தி, "சொல்லட்டும் விடுங்கோ," என்றா. "அவருக்கு ஒருதரம் சொன்னால் போதாது."

அதனால்தான் அவ சைக்கிள் மணியையும் மாற்றவிடாமல் வைத்திருக்கிறா போலும்.

இப்போது நான் எழுதுகிறேன். சிரிக்காதேயும். கதை எழுத எனக்கு வராது. கேட்டதைக் கேட்டபடி எழுதி, கண்ணாடி போட்ட அந்த இளம் எழுத்தாளரிடம் கொடுக்கிறேன். அவரும் வாங்கு போடுவதை விட்டுவிட்டார். நான் திறக்கிற கதவுக்குப் பின்னால் எந்தப் பாக்கியம் நிற்கிறாவோ என்ற பயம் போகவில்லை. போகாது என்றே நினைக்கிறேன். எழுதியதை யாருக்கும் கொடுப்பதற்கு முதல், இது யாருக்குச் சொல்ல வைத்திருந்தது என்று ஒருமுறை கேட்டுப் பார்க்கிறேன். அது நீர் தந்தது.

போன வெள்ளிக்கிழமை வல்வெட்டித்துறைக்குப் போனேன். உள்ளே இருந்து மீன்பாட்டைப் பற்றியும் சோளகக் காற்றைப் பற்றியும் கதைத்தோம். எழும்பினேன். "போட்டு வாறன்," என்றேன். படலைக்கு வந்து, "தோணிக்குப் பாய் மாத்தினனீங்களோ?" என்று கேட்டேன். இரண்டாம் தரமும் "போட்டு வாறன்," என்றேன். அவர் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"முந்தி ஒருத்தர் உப்பிடித்தான் வந்து நிப்பார்," என்றார். "போகவும் மாட்டார், கேக்கவும் மாட்டார். உங்கடை ஆளோ?"

"ஓம்," என்றேன்.

"நல்ல மனிசன். நான் சொல்லியிருக்கலாம்." பிறகு உள்ளே திரும்பி, "பிள்ளை, ஐயாவுக்குத் தண்ணி கொண்டா," என்று கூப்பிட்டார். "கப்பல் தாண்ட அண்டைக்கு, என்ரை தம்பியும் என்னோடைதான் நிண்டவன்," என்று தொடங்கினார்.

கிணற்றில் இருந்து அப்போதுதான் அள்ளிய தண்ணீர். செம்பின் வெளியே குளிர்ந்து வேர்த்திருந்தது. அவர் கதையை நிறுத்தாமல் அதை என் கையில் தந்தார். நான் செம்புக்குள் பார்த்தேன். அவர் முகத்தைப் பார்த்தேன். குடித்தேன். பயந்துபயந்துதான் குடித்தேன், முழுவதும் குடித்தேன்.

போட்டு வாறன்.